இன்னும் தூரம் போங்க, வாப்பா

2020 டிசம்பர் 6, ஞாயிறு

கணக்குப் பாடத்தில் இன்னும் மூன்று அலகு படிக்கக் கிடக்கிறது. போன் கைக்கு வரவே இல்லை. எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு போன். எனக்கு அது வகுப்பு, ஷாமிலுக்குக் கார்ட்டூன், உம்மாவுக்கு வாப்பா.

வாப்பா நாட்டுக்கு வந்து ஒரு கிழமைக்கு மேலாகிறது. வந்தும் வரவில்லை. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியவுடன் ஆமி பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் ஒரு முகாமில் வைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை விடுவார்கள். விட்ட பிறகும் வீட்டில் பதினாலு நாள் ஒரு அறைக்குள் தனியாக இருக்க வேண்டும்.

தம்பி ஷாமிலுக்கு ஐந்து வயது. வாப்பா கடைசியாகக் கத்தாருக்குப் போனபோது அவன் தவழ்ந்து திரிந்தான். அவனுக்கு வாப்பா என்றால் ஐமோ வீடியோ கோல்தான். பின்னேரத்தில் வரும் ஒரு முகம், தலையில் தொப்பி, பின்னால் ஒரு நீலத் திரை.

உம்மா இன்று ஒரு முடிவெடுத்தா. பின் ஒழுங்கையில் றிப்ஷான் என்ற பொடியன், வெளிநாட்டால் வந்த அவனுடைய வாப்பாவின் அறைக்குள் ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து, சுகாதாரப் பரிசோதகர் பீஎச்ஐ வந்து அந்த வீட்டை மறுபடி முதலில் இருந்து பூட்டின கதை ஏறாவூர் முழுக்கத் தெரியும்.

"இவனுக்குச் சொல்லாம இருப்பம் புள்ள. வாப்பா இன்னம் கத்தாருலதான் எண்டு நினைச்சிக்கிட்டு இரிக்கட்டும்."

"அறை ஏன் பூட்டியிரிக்கி எண்டு கேட்டா?"

"நெல்லு மூட்டைக்கு மருந்து வெச்சிரிக்கி எண்டு சொல்லு."

உம்மாவுக்குப் பொய் சொல்ல வராது என்று நான் இத்தனை வருடமும் நம்பியிருந்தேன்.

டிசம்பர் 10

சுபஹுக்குக் கொஞ்சம் முன்னால் வாப்பாவை முகாம் வான் வண்டி கொண்டுவந்து இறக்கியது. ஷாமில் நல்ல தூக்கம். நான் முற்றத்தில் தள்ளி நின்று சலாம் சொன்னேன். வாப்பாவின் முகத்தில் பாதிக்கு மேல் மாஸ்க். "வளந்திட்டீங்க மகள்" என்றார். ஓம் என்றேன். வேறு என்ன சொல்வது? ஐமோவில் என்றால் அரை மணித்தியாலம் கதைப்பேன்.

அவர் கத்தார் காசில் கட்டின அறை அது. பாத்ரூம் உள்ளேயே இருக்கிறது, முற்றத்துப் பக்கம் ஒரு கதவும் இருக்கிறது. கட்டின நாளில் இருந்து நெல் மூட்டைதான் அதற்குள் குடியிருந்தது. இன்றைக்குத்தான் கட்டினவர் போயிருக்கிறார்.

விடிந்த பிறகு பீஎச்ஐ வந்து வாசல் கடப்பில் தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டினார். எங்களையும் வெளியே போகக் கூடாது என்றார். ஷாமில் எழும்பிவந்து அது என்ன என்று கேட்டான். தேர்தல் நோட்டீஸ் என்றேன். இந்தக் குடும்பத்துக்கே பொய் நன்றாக வருகிறது.

டிசம்பர் 11

முதல் கோல். கத்தாரில் வாப்பாவின் கட்டிலைச் சுற்றித் தொங்கின அதே நீலத் துணியைப் பையில் கொண்டுவந்திருந்தார். அதை ஜன்னல் கம்பியில் கட்டச் சொன்னது நான். அச்சு அசல் கத்தார் மாதிரியே இருந்தது. ஷாமில் குசினியில் இருந்து கதைத்தான், வாப்பா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கதைத்தார். ஒரு சந்தேகமும் இல்லை. உம்மா தேங்காய் துருவிக்கொண்டே சிரித்தா, பிறகு கண்ணைத் துடைத்தா.

டிசம்பர் 14

ஷாமில் நாள் முழுக்கக் கடப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். றிப்ஷானும் கூட்டமும் சைக்கிளில் போகும்போது "கொரோனா வீடு" என்று கத்திவிட்டுப் போகிறார்கள். றிப்ஷானுக்கு அதைச் சொல்ல என்ன அருகதை இருக்கிறது என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

டிசம்பர் 16

பின்னேரம் ஐமோவில் கதைத்துக்கொண்டிருக்கும்போது பாண் விற்கிற ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு ஒழுங்கைக்குள் வந்தது. றோட்டாலும் கேட்டது, போனுக்குள்ளாலும் கேட்டது. நானும் உம்மாவும் ஆளையாள் பார்த்தோம்.

"வாப்பா, கத்தாருக்கும் பாண் ஓட்டோ வாறயா?"

"ஓம் மகன், வாற... இஞ்சயும் வாற."

ஷாமில் போனைக் கொஞ்ச நேரம் காதில் வைத்துக்கொண்டிருந்தான். பிறகு என்னிடம் தந்துவிட்டான்.

டிசம்பர் 18

வாப்பாவுக்கு இருமல். உம்மா சோறு தின்னவில்லை. சாவுக்குப் பயந்து மட்டும் இல்லை. இப்போது கொரோனா என்றால் மையித்தையும் அடக்க விடாமல் எரிக்கிறார்கள். உம்மா அதை வாயால் சொல்வதில்லை. தொழுகைப் பாயில் இருந்து எழும்பாமல் இருக்கிறா.

டிசம்பர் 19

இருமல் நின்றுவிட்டது. ஏசியில் இருந்து வந்ததால் வந்த இருமலாம். அல்ஹம்துலில்லாஹ்.

டிசம்பர் 20

உம்மா எப்போதும்போல் அறை வாசலில் கதிரை போட்டு, சோற்றுக் கோப்பையை வைத்து, கதவில் தட்டிவிட்டு வந்தா. ஷாமில் தூங்குகிறான் என்று நினைத்திருந்தோம். அவன் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றிருக்கிறான். கதவு கொஞ்சம் திறந்தது, ஒரு கை வந்தது, கோப்பையை எடுத்தது, கதவு மூடியது. கறுப்புப் பட்டி மணிக்கூடு கட்டின கை. ஐமோவில் அவன் தினமும் பார்க்கிற மணிக்கூடு.

அழுவான், கதவை உடைப்பான் என்று ஓடிப்போய்ப் பிடித்தேன். அவன் சும்மா நின்றான்.

"ராத்தா, கத்தார் இந்த அறைக்குள்ளதான் இரிக்கி என்ன?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெல்லு அறை மகன், போய்ப் படு என்றேன்.

டிசம்பர் 22

ஐமோவுக்கு ஷாமில் வரவில்லை. வயிற்று வலியாம். நேற்றும் வயிற்று வலி.

டிசம்பர் 24

பீஎச்ஐ வந்து நோட்டீசைக் கிழித்தார். பிசிஆரும் நெகட்டிவ்.

வாப்பா குளித்து, புதுச் சாரம் உடுத்து, அத்தர் பூசி, கையில் ஒரு ரிமோட் காரோடு கதவைத் திறந்தார். உம்மா சூசியம் சுட்டிருந்தா. "மகன், ஆரு வந்திரிக்கிற பாருங்க" என்று குரல் கொடுத்தா.

ஷாமில் வந்தான். பார்த்தான். காரைப் பார்க்கவில்லை, வாப்பாவையும் முழுசாகப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் அறைக்குள் பார்த்தான். நீலத் துணி ஜன்னலில் அப்படியே தொங்கியது. கழற்ற மறந்துவிட்டோம். பிறகு திரும்பிப் போய்க் குசினி மூலையில் அரிசி வாளிக்குப் பின்னால் இருந்துகொண்டான்.

வாப்பா கையை நீட்டினபடி நின்றார். நிறைய நேரம் நின்றார்.

டிசம்பர் 29

வெட்கம் என்றார்கள். வெட்கம் ஒரு கிழமையா இருக்கும்? வாப்பா ஒரு அறைக்குள் வந்தால் அவன் அடுத்த அறைக்குப் போகிறான். வாப்பா வாங்கிவந்த பிஸ்கட் பெட்டியை உடைக்கவும் இல்லை. வாப்பா எதிரில் இருந்தால் சோறு இறங்காது. நேற்றுப் படுக்கையில் சிறுநீர் போனான். மூன்று வயதில் நின்ற பழக்கம்.

2021 ஜனவரி 5

கண்ணேறு என்றா மாமி. ஆதம்பாவா லெப்பையைக் கூப்பிட்டு ஓதித் தண்ணீர் தெளித்தார்கள். லெப்பை நல்ல மனிதர், போகும்போது, "புள்ளைக்கி ஒண்டுமில்ல, பெரியாக்கள்தான் கொஞ்சம் அமைதியா இரிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். உம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 9

என்னைப் பற்றி எழுதவே இல்லை. எனக்கு ஒன்றும் இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு மூன்று நாள் போனேன். பஸ்னா என் பக்கத்தில்தான் எட்டாம் ஆண்டில் இருந்து இருக்கிறாள். இப்போது ஜன்னலோரம் காற்று வருகிறது என்று மாறிவிட்டாள். எங்கள் வகுப்பில் எல்லாப் பக்கமும் ஜன்னல்தான். நான் சண்டை பிடிக்கவில்லை. நாலாம் நாள் தலையிடி என்று நின்றுவிட்டேன். நெல் அறைக்குள் இருந்து படிக்கிறேன், மேசை, பாத்ரூம், கதவு, எல்லாம் வசதி. வாப்பா விறாந்தையில் படுக்கிறார். ஓஎல் பரீட்சைக்கு நாள் இருக்கிறது. நகம் கடித்துக் கடித்து விரல் எரிகிறது.

வாப்பாவிடம் வாயால் கதைக்க எனக்கும் வரவில்லை. புத்தகம் வாங்கக் காசு வேண்டும் என்று அறைக்குள் இருந்து வட்ஸ்அப்பில் போட்டேன். அவர் விறாந்தையில் இருந்து "சரி மகள்" என்று போட்டார்.

ஜனவரி 17, ஞாயிறு

இன்று தெரிந்துவிட்டது. ஷாமில் ஏன் ஒளிகிறான் என்று.

கிணற்றடியில் ஷாமிலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். தலையில் சவர்க்காரம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"ராத்தா, பெருநாளைக்கு நான் அழுதது வாப்பாக்குக் கேட்டிருக்குமா?"

"எந்தப் பெருநாளைக்கு?"

"எல்லாப் பெருநாளைக்கும். எல்லார்ட வாப்பாவும் கூட்டிப் போறாங்க, எண்ட வாப்பா வரல்ல எண்டு அழுதேன். அறைக்குள்ளதானே இருந்தாரு. கேட்டும் ஏன் வெளிய வரல்ல?"

வாளி கையில் இருந்து விழுந்தது.

அவன் அப்படித்தான் யோசித்திருக்கிறான். நாங்கள்தான் யோசிக்க வைத்தோம். நீலத் திரை அறைக்குள் இருக்கிறது. மணிக்கூட்டுக் கை அறைக்குள் இருக்கிறது. பாண் ஓட்டோ பாட்டுக் கேட்கிற கத்தார். அப்படி என்றால் கத்தார் என்று ஒரு ஊர் இல்லை. இவன் பிறந்த நாளில் இருந்து வாப்பா அடுத்த அறைக்குள்ளேயே இருந்திருக்கிறார். இவன் காய்ச்சலில் கிடந்ததையும், சைக்கிளில் இருந்து விழுந்ததையும் கேட்டுக்கொண்டு, கதவைப் பூட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். உம்மா சோறு போட்டிருக்கிறா. எல்லாரும் சேர்ந்து இவனுக்கு மட்டும் சொல்லவில்லை.

"நான் தட்டினேன் ராத்தா. நீங்க தூங்கக்குள்ள. திறக்கல்ல."

அல்லாஹ்வே, அஞ்சு வயசுப் புள்ளைக்கி என்ன செஞ்சி வெச்சிரிக்கம் நாங்க?

ஜனவரி 18

வாப்பாவுக்குச் சொன்னேன். வட்ஸ்அப்பில் இல்லை, வாயால். அவர் மோட்டர் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார். துணியைக் கீழே வைத்தார்.

"தட்டினான் மகள். ஓம். ரெண்டு தரம் தட்டினான். சின்னத் தட்டு. நான் மூச்சுக் காட்டாம இருந்தேன். உம்மாதானே சொன்னா, சத்தம் போட ஒண்ணா எண்டு."

உம்மா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டா. ஒருவரும் ஒருவரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

ஜனவரி 20

வாப்பா பாஸ்போட்டைக் காட்டினார். நான் புவியியல் படத்தைக் காட்டினேன். இது இலங்கை, இது கத்தார், நடுவில் இவ்வளவு கடல் என்றேன். ஷாமில் பார்த்தான். படத்தில் ஒரு சாண்கூட இல்லை. "கிட்டத்தானே" என்றான்.

ஜனவரி 23, சனி

வாப்பா ஒன்றும் சொல்லாமல் மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கொஞ்சத்தில் ஐமோ அடித்தது. ஷாமில் போனைப் பார்த்தான். வாப்பாவின் முகம், பின்னால் எங்கள் கடப்பு.

"மகன், நான் எங்க நிக்கன் சொல்லுங்க பாப்பம்?"

ஷாமில் போனைப் பார்த்தான், ஜன்னலால் பார்த்தான், பிறகு போனைப் பார்த்தான். டிசம்பருக்குப் பிறகு வாப்பாவுக்கு அவன் சொன்ன முதல் சொல் "கடப்படியில" என்பது.

"சரி. இப்ப?"

ஒழுங்கை முனைப் பள்ளிவாசல். ஜன்னலால் இப்போது வாப்பா தெரியவில்லை, போனில் தெரிந்தார். பிறகு சந்திக் கடை. பிறகு செங்கலடி. செங்கலடியில் இருந்து பேசும்போது கோல் வெட்டி வெட்டி வந்தது. அது அவனுக்கு விளங்கியது என்று நினைக்கிறேன். தூரம் என்றால் குரல் வெட்டும்.

"இன்னும் தூரம் போங்க" என்றான்.

கொஞ்ச நேரம் போய், "காணும். வாங்க" என்றான். போன தூரம் போதுமாம். போனை வைத்துவிட்டு ஜன்னலில் நின்றான். செங்கலடியில் இருந்து வர எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதை நின்றே பார்த்தான். மோட்டர் சைக்கிள் சத்தம் கேட்டதும் அரிசி வாளிக்குப் பின்னால் ஓடிவிட்டான். ஆனால் தலையை வெளியே வைத்துக்கொண்டிருந்தான்.

ஜனவரி 26

செங்கலடிக்கும் அங்கால, வந்தாறுமூலை. "காணும், வாங்க."

ஜனவரி 28

புன்னைக்குடாக் கடற்கரை. கடலைக் காட்டினார். "கத்தார் இதுக்கு அங்காலயா?" "ஓம் மகன், இதுக்கு எத்தனையோ அங்கால." ஷாமில் வெகு நேரம் போனை வைத்திருந்தான். வாப்பாவை இல்லை, கடலைப் பார்த்தான்.

ஜனவரி 31, ஞாயிறு

கல்லடிப் பாலம். வாப்பா போனைத் திருப்பி வாவியைக் காட்டினார். ஒரு தோணி போனது. ஷாமில் தண்ணீர் குடிக்கப் போக, போன் என் கையில் இருந்தது.

"உங்களுக்கு என்ன மகள்? அறையை விட்டு வெளிய வாறல்ல. பள்ளிக்கும் போறல்ல."

ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது. பஸ்னா மாறி இருந்தது, நித்திரை வராதது, அறைக்கு வெளியே வந்தால் நெஞ்சு அடிப்பது, பரீட்சையை நினைத்தால் சோறு இறங்காதது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பாலத்தில் வெயிலில் நின்று கேட்டார். பின்னால் பஸ் ஹோன் அடித்துக்கொண்டு போனது, அவர் நகரவில்லை.

"நாளைக்கு நான் ஏத்திப் போறன் பள்ளிக்கி. வாசல்ல நிக்கன், நீங்க ஏலாட்டி வந்திருங்க" என்றார்.

வீட்டில் ஒரு மாதமாக என்னைப் பற்றிக் கதைக்க முடியாத நானும் கல்லடிப் பாலத்து வாப்பாவிடம்தான் கதைத்தேன். ஷாமிலை நான் என்ன சொல்ல?

பெப்ரவரி 1

போனேன். இரண்டு பாடம் இருந்தேன். வெளியே வந்தபோது வாப்பா மதில் நிழலில் நின்றார்.

பெப்ரவரி 6

இன்று எல்லாவற்றையும் விடத் தூரம், ஓட்டமாவடி. பாலத்தில் இருந்து கோல் எடுத்தார். ஷாமில் "காணும், வாங்க" என்று சொல்லிவிட்டுக் கடப்படியில் போய் நின்றான். வாப்பா வரவில்லை. டயர் பஞ்சர், போனில் சார்ஜ் இல்லை. அது எங்களுக்குத் தெரியாது.

அசருக்கு நின்றவன் மஃரிப் பாங்கு சொல்லியும் வரவில்லை. உள்ளே கூப்பிட்டதற்கு, "நான்தான் தூரம் போகச் சொன்னேன்" என்றான்.

சத்தம் கேட்டது. இந்த முறை ஓடவில்லை. வாப்பா மோட்டர் சைக்கிளை நிறுத்தினார், இறங்கவில்லை. ஷாமில் கிட்டப் போய் அவருடைய மணிக்கூட்டைத் தொட்டான், பிறகு மணிக்கூட்டுக்கு மேலே கையைத் தொட்டான். பிடித்துக்கொண்டே நின்றான்.

"ஓட்டமாவடி சரியான தூரம் என்ன வாப்பா?"

"ஓம் மகன். சரியான தூரம்."

உம்மா கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினா. நான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பெப்ரவரி 8

கம்பெனியில் இருந்து டிக்கெட் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை விடிய விமான நிலையத்துக்கு வான் வரும். போகாவிட்டால் விசா முடிந்துவிடும். ஷாமில் வாப்பாவின் கையைத் தொட்டு இரண்டு நாள்தான்.

உம்மா சொல்றா, அவன் தூங்கக்குள்ள போயிருவம், எழும்பினா அழுவான் எண்டு.

நான் கத்திவிட்டேன். வாழ்க்கையில் உம்மாவுக்கு முன்னால் அப்படிக் கத்தினது இல்லை. "தூங்கக்குள்ள வந்தாரு, தூங்கக்குள்ள போறாரா? அழட்டும் உம்மா. அழுதாத்தான் என்ன?"

வாப்பா என்னைப் பார்த்தார். "சப்னா சொல்றதுதான் சரி" என்றார்.

பெப்ரவரி 12, வெள்ளி

நான்தான் எழுப்பினேன். ஷாமில் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாப்பாவின் இடுப்பில் இருந்தான். அவர் தூக்க, அவன் விட்டான்.

"எங்க போறீங்க?"

"கத்தாருக்கு மகன்."

"ஓட்டமாவடியை விடத் தூரமா?"

"அதை விடத் தூரம்."

"போயிட்டுக் கோல் எடுங்க."

அழவில்லை. உம்மாதான் அழுதா. பொலன்னறுவையில் இருந்து ஒரு கோல், தம்புள்ளையில் இருந்து ஒன்று, விமான நிலையத்தில் இருந்து ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஷாமில் இடத்தின் பெயரைத் திருப்பிச் சொன்னான். கடைசிக் கோலில் "இன்னும் தூரம் போங்க" என்றான். 

பெப்ரவரி 14

கத்தாரிலும் வாப்பாவை ஒரு ஹோட்டல் அறைக்குள் தனிமைப்படுத்தி வைத்திருக்கிறார்கள். ஐமோவில் அறையும் திரையும் தெரிந்தன. இந்தத் திரை மண்ணிறம். ஷாமில் முகம் மாறியது. போனைப் பிடித்துக்கொண்டு எழும்பி நேராக நெல் அறைக்கு வந்து கதவைத் திறந்தான். உள்ளே நான் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன்.

கட்டிலுக்குக் கீழே பார்த்தான். பாத்ரூமைப் பார்த்தான். நெல் மூட்டைக்குப் பின்னால் பார்த்தான்.

"ராத்தா மட்டும்தான் இரிக்கா" என்று போனுக்குச் சொன்னான்.

நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கு வந்துவிட்டேன். கதவைத் திறந்தே விட்டோம்.

பெப்ரவரி 17

பள்ளிக்குத் தனியாகப் போனேன். பஸ்னா இங்கிலிஸ் கொப்பி கேட்டாள். கொடுத்தேன்.

பெப்ரவரி 21, ஞாயிறு

பரீட்சைக்கு ஒரு கிழமை. பயம் இருக்கிறது, ஆனால் சோறு இறங்குகிறது.

வாப்பாவை ஹோட்டலில் இருந்து விட்டுவிட்டார்கள். இன்று பின்னேரம் லொறிக்குள் இருந்து கோல் எடுத்தார். வெளியே வெறும் மணல். ஒரு வீடு இல்லை, ஒரு மரம் இல்லை. போனைச் சுற்றிக் காட்டினார். குரல் வெட்டி வெட்டி வந்தது. எங்கள் ஒழுங்கைக்குள் பாண் ஓட்டோ வந்தது. ஷாமில் உடனே போனைக் காதில் வைத்தான். றோட்டுப் பக்கம் மட்டும்தான் கேட்டது.

அவன் போனை முகத்துக்கு நேரே எடுத்தான்.

"வாப்பா, காணும். இப்ப வாங்க."

வாப்பா தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். மகன் என்று ஆரம்பித்தார், கோல் வெட்டிவிட்டது.

ஷாமில் போனை என்னிடம் தந்துவிட்டுப் போய்க் கடப்படியில் நின்றான். நானும் போய் அவனுக்குப் பக்கத்தில் நின்றேன்.